வில்லின் முதுகில் ஒட்டும் பட்டைக்கு எது: மூங்கிலா, ஆட்டுத்தோலா, துணியா?

செக்காலை | 2023 ஆகஸ்ட் 4

கருவேலங்கட்டை ஒன்று கைவசம் உண்டு. நீளம் 170 செ.மீ., வைரம் பாய்ந்தது, ஓராண்டு நிழலில் காய்ந்தது. அறுவைப் பட்டறையில் நேராக அறுத்து வாங்கியதால் முதுகுப் பக்கம் ரேகை (மர நார் ஓடும் கோடு) சில இடங்களில் ஓரத்துக்கு ஓடியிருக்கிறது. 18 கிலோ இழுப்பில் (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை) வில் வேண்டும். மூங்கில் பட்டை ஒட்டினால் உடையவே உடையாது என்று ஒருவர் சொல்கிறார். கண்ணாடி நார்த் துணி அதைவிடப் பலம் என்கிறார் இன்னொருவர். எது அதிக பலமோ அதை முதுகில் ஒட்டிவிடுவதுதான் சரி என்பது என் கட்சி.

கோட்டையூர் | ஆகஸ்ட் 4

அந்தக் கணக்கு வில்லுக்கு ஒத்துவராது. நாணை இழுக்கும்போது முதுகு (இலக்கைப் பார்க்கும் பக்கம்) நீள்கிறது, வயிறு (நம்மைப் பார்க்கும் பக்கம்) நசுங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நீளாமலும் நசுங்காமலும் ஒரு தளம் இருக்கிறது. முதுகில் விறைப்பான பொருளை ஒட்டினால் அந்தத் தளம் முதுகுப் பக்கமாக நகர்ந்துவிடும். அப்புறம் நீள வேண்டிய வேலை முதுகுக்குக் குறையும், நசுங்குகிற வேலை முழுக்க வயிற்றின் தலையில் விழும். ஒரே திசையில் நார் ஓடும் கண்ணாடிப் பட்டை மரத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பு. மர வயிறு அதற்கு ஈடுகொடுக்காது. சில நாளில் வயிற்றில் குறுக்கே மயிரிழை மயிரிழையாக மடிப்பு விழும். விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். அது விழுந்த இடம் மீளாது.

மரம் பொதுவாக நசுங்குவதைவிட இழுபடுவதை நன்றாகத் தாங்கும். ரேகை முழுசாக இருக்கும் முதுகுக்குப் பட்டையே தேவையில்லை. ரேகை அறுபட்டிருந்தால்தான் சிக்கல். ஆகவே பொருளைத் தேடுவதற்கு முன்னால் ரேகை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். கண்ணால் பார்த்தால் ஏமாற்றும். கூரான ஊசியை முதுகில் லேசாக வைத்து நீளவாக்கில் இழுங்கள். அது உங்கள் கைக்குப் போகாமல் ரேகையோடு போகும். அந்தக் கீறல் எத்தனை செ.மீ. நீளத்தில் 1 செ.மீ. விலகுகிறது என்பதுதான் எண்.

மர வலிமை அட்டவணைகளில் வரும் கணக்கு இது: 20-க்கு 1 சாய்ந்தால் வளைவு வலிமையில் 93 சதவீதம் மிஞ்சும், 15-க்கு 1 என்றால் 89, 10-க்கு 1 என்றால் 81, 5-க்கு 1 என்றால் வெறும் 55. திடீர் அடியைத் தாங்கும் திறன் இன்னும் வேகமாகச் சரிகிறது; 10-க்கு 1-லேயே 62 சதவீதம்தான். அம்பு விடுபடும் கணம் வில்லுக்கு அப்படிப்பட்ட அடிதான்.

செக்காலை | ஆகஸ்ட் 5

ஊசி வைத்துப் பார்த்தாயிற்று. பெரும்பாலும் 25-க்கு 1. மேல்கையில் (கைப்பிடிக்கு மேலுள்ள வில் பாதி), கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, 12-க்கு 1. கீழ்கை நுனிக்குப் பக்கத்தில் மிளகு அளவு கணு ஒன்று.

கோட்டையூர் | ஆகஸ்ட் 5

அப்படியானால் மூங்கில் வேண்டாம். மரம் பிழைக்கும். 12-க்கு 1 இருக்கும் இடத்தில் சிராய் கிளம்பாமல் பிடித்து வைக்க ஒரு பொருள் போதும். அதற்கு ஆட்டுத்தோல் அல்லது துணி.

இரண்டு வகைப் பட்டை உண்டு, இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வில் கெடுகிறது. மூங்கில், கெட்டியான மரப் பட்டை, நரம்பு (மாட்டுத் தசைநாண்) இவை வில்லோடு சேர்ந்து உழைக்கும். இழுப்பு எடையில் பங்கு வாங்கும். தோலும் துணியும் காவல் மட்டும்தான். தோல் மரத்தைவிட மிகவும் நெகிழ்வானது, மரம் நீளும் அளவுக்குச் சும்மா கூடவே நீளும். அதன் வேலை முதல் சிராய் எழும்பும்போது அதை அமுக்கிப் பிடிப்பது. தோல் ஒட்டினால் இரண்டு கிலோ கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எடைக் கணக்கையும் பாருங்கள். 165 செ.மீ. நீளம், சராசரி 3 செ.மீ. அகலம், 0.7 மி.மீ. தடிமன் என்றால் தோல் சுமார் 40 கிராம். அதே பரப்புக்கு மெல்லிய பட்டுத்துணி 3 கிராம், பசையோடு சேர்த்து 10-க்குள். கைப்பிடிப் பக்கம் 10 கிராம் கூடினால் அம்புக்குத் தெரியாது. நுனிப் பக்கம் ஒரு சாணில் 5 கிராம் கூடினாலும் வேகம் குறையும், விடும்போது கையில் உதறலும் வரும். உங்கள் 18 கிலோ வில்லுக்கு இரண்டும் ஒத்துவரும். கணு நுனிப் பக்கம் இருப்பதால் தோல் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

கணுவைச் சுற்றி மரத்தைக் கொஞ்சம் விட்டு வையுங்கள். பக்கவாட்டில் 2 மி.மீ. அகலம் கூட நிற்கட்டும். கணுவை வெட்டி மட்டமாக்கிவிட்டு மேலே தோல் போர்த்துவது உள்ளே பொத்தலை மறைக்கிற வேலை.

தேவகோட்டை | ஆகஸ்ட் 6

தோலைப் பற்றி. செருப்புத் தோல், பைத்தோல் எல்லாம் பதனிட்டவை. அவை இழுத்தால் இழுத்தபடி நீளும், வில்லுக்கு ஆகாது. வேண்டியது மயிர் நீக்கிக் காயவைத்த, பதனிடாத தோல். தவில், உறுமி, பறைக்குத் தோல் கட்டுபவர்களிடம் ஆட்டுத்தோல் கிடைக்கும். ஓட்டை விழுந்து வாத்தியத்துக்கு ஆகாத தோலைக்கூடக் கேட்டு வாங்கலாம். நமக்கு நீளத் துண்டு இரண்டு போதும்.

முதுகெலும்பை ஒட்டி ஓடும் பகுதியில் வெட்ட வேண்டும். அங்கே தடிமன் சீராக இருக்கும். வயிற்றுப் பக்கத் தோல் மெல்லிசு, இழுத்தால் ஒரு பக்கம் அதிகமாகப் போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கத்திபட்ட கீறல்கள் வெள்ளைக் கோடாகத் தெரியும், அவற்றைத் தவிர்க்கவும். தடிமன் 0.5 முதல் 0.8 மி.மீ. வரை. ஓர் ஆட்டுத்தோலில் முழு வில்லுக்கும் ஒரே நீளம் வராது. கைக்கு ஒன்றாக இரண்டு துண்டு வெட்டிக் கைப்பிடியில் 3 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிடலாம். அகலம் வில் முதுகைவிட இரண்டு பக்கமும் 4 மி.மீ. கூட வெட்டவும், காயும்போது சுருங்கும்.

ஊறவைக்கச் சாதாரணத் தண்ணீர். ஒரு மணி நேரம், தடித்த தோலுக்கு இரண்டு. சீக்கிரம் ஆகட்டும் என்று சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது. 60 டிகிரியைத் தாண்டினால் தோல் சுருண்டு கட்டியாகிவிடும், அதைத் திரும்ப விரிக்க முடியாது. ஊறியதும் துண்டில் சுருட்டிப் பிழிந்து, சொட்டாத பதத்தில் எடுக்கவும்.

கோட்டையூர் | ஆகஸ்ட் 6

மேலே சொன்னதோடு: சதைப் பக்கம் மரத்தில் படவேண்டும், மயிர் இருந்த பக்கம் வெளியே. சதைப் பக்கம் சொரசொரப்பு, பசை பிடிக்கும்.

கோட்டையூர் | ஆகஸ்ட் 7

பசை. தோலுக்கும் துணிக்கும் வஜ்ஜிரம் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது) அருமையான பசை. குருணையை இரவு முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடுகாட்ட வேண்டும். 60 டிகிரி போதும். கொதித்துவிட்டால் பலம் போய்விடும், நாற்றமும் வரும். முதலில் தண்ணீராகக் கரைத்த பசையை மரத்தில் ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். மரம் குடிக்க வேண்டியதைக் குடித்துவிடும். அதன்பிறகு கெட்டியான பூச்சு, உடனே தோல். இந்த ஊர் வெயிலில் ஒரு வசதி, பசை சீக்கிரம் உறைந்து கையைக் கட்டிப்போடாது.

வஜ்ஜிரம் காய்ச்ச முடியாதவர்கள் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைத் தோலுக்கும் துணிக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஒட்டியதும் கைப்பிடியிலிருந்து நுனிக்குத் தேய்த்துக் காற்றையும் மிச்சப் பசையையும் தள்ளவும். மேலே பருத்தி நாடா அல்லது கிழிசல் வேட்டித் துணியை நெருக்கமாகச் சுற்றவும். சைக்கிள் டியூப் சுற்றக் கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பூசணம் பிடிக்கும், ஓரம் ஒட்டாது. ஒரு நாளில் நாடாவைப் பிரித்துவிட்டு, நிழலில் குறைந்தது ஒரு வாரம். தோல் தட்டினால் ஓடுபோலச் சத்தம் வர வேண்டும். குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது. தோலின் ஈரம் மரத்துக்குள்ளும் இறங்கியிருக்கும் என்பதை மறந்து அவசரமாக நாண் பூட்டினால் வில் வளைந்தபடியே நின்றுவிடும்.

ஓரத்தை அரத்தால் கீழ்நோக்கி மட்டும் ராவவும். மேல்நோக்கி இழுத்தால் தோல் உரியும்.

புதுவயல் | ஆகஸ்ட் 9

மூங்கிலை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டீர்களே. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டு உத்திரத் துண்டு, பர்மா தேக்கு, வாங்கியது இருக்கிறது. அதற்கு மூங்கில் முதுகு சரிவருமா? கல்மூங்கில் கிடைக்கிறது, கம்புக்கு வெட்டுவது.

கோட்டையூர் | ஆகஸ்ட் 10

மூங்கிலை ஒதுக்கவில்லை. அதற்கு ஈடுகொடுக்கும் வயிறு வேண்டும், அவ்வளவுதான். மூங்கிலின் நார்கள் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. இழுவிசைக்கு அதைவிட நல்ல பொருள் நம் ஊரில் வேறு இல்லை. நன்றாக வைரம் பாய்ந்த கருவேலம் போன்ற கனத்த மரம் அதன்கீழ் நன்றாக உழைக்கும். தேக்கு நடுத்தரம். 18 கிலோவுக்கு மேல் ஆசைப்படாமல், வில்லை 4 செ.மீ. அகலம் வைத்து, மூங்கிலை மெலிதாக்கினால் செய்யலாம்.

உத்திரத் துண்டில் முதல் வேலை காந்தத்தை நீளம் முழுக்க ஓட்டிப் பார்ப்பது. உடைந்த ஆணி உள்ளே இருந்தால் இழைப்புளி அலகு போகும், ஆணி ஓட்டை இருக்கும் இடத்தில் வில்லும் போகும். ஓட்டையைச் சுற்றி மரம் கறுத்திருக்கும், அது வில்லின் வளையும் பகுதியில் வராதபடி துண்டைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடிக்குள் வந்தால் பரவாயில்லை. தேக்கில் மணற்சத்து இருப்பதால் அலகு சீக்கிரம் மழுங்கும், சாணைக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் தேர்வில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கல்மூங்கில் கெட்டி, ஆனால் கம்பு சன்னம். 4 செ.மீ. விட்டமுள்ள கம்பிலிருந்து 3 செ.மீ. அகலப் பட்டை எடுத்தால் நடுவில் கூன் கிட்டத்தட்ட 7 மி.மீ. நிற்கும். அடியை மட்டமாக்கினால் ஓரம் கத்திமுனையாகவும் நடு 7 மி.மீ. தடிமனாகவும் இருக்கும், அந்தத் தடிமன் எந்த வயிற்றையும் நசுக்கிவிடும். 8 செ.மீ. விட்டமுள்ள முள்மூங்கிலில் அதே 3 செ.மீ. அகலத்துக்குக் கூன் 3 மி.மீ. கூட இல்லை. ஆகவே விட்டம் 8 முதல் 10 செ.மீ., மூன்று நான்கு வயது முற்றிய மூங்கில். அடித்தூருக்கு மேல், கணுக்கள் விலகி நிற்கும் பகுதி. பச்சை மாறாத இளம் மூங்கில் காயும்போது சுருங்கிச் சுருக்கம் விழும். மாவுச்சத்து மிஞ்சிய மூங்கிலைப் பொடிவண்டு துளைக்கும். குண்டூசி முனை அளவு ஓட்டையும் கீழே மஞ்சள் மாவும் கண்டால் அந்தப் பட்டையை விட்டுவிடுங்கள்.

தடிமன்: கைப்பிடிப் பக்கம் நடுவில் 4 மி.மீ., ஓரம் 1 மி.மீ.; நுனிக்குப் போகப் போக நடு 2 மி.மீ. வெளித்தோலைத் தொடாமல் உள்பக்கத்திலிருந்துதான் மெலிதாக்க வேண்டும். வெளியே பச்சை மெழுகுப் பளபளப்பை மட்டும் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் போதும். அதற்குக் கீழே போனால் எந்த நாருக்காக மூங்கிலை வாங்கினோமோ அதையே வெட்டி எறிகிறோம்.

ஒட்டுவதற்கு அரால்டைட் போன்ற மெதுவாக இறுகும் எபாக்ஸி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், சுற்றி முடிப்பதற்குள் இறுகிவிடும், வளைவுக்கும் தாங்காது. வெள்ளைப் பசை இங்கே ஆகாது. தொடர்ந்து இழுபடும் ஒட்டில் அது மெல்ல மெல்ல வழுகும், சித்திரை வெயிலில் இளகவும் செய்யும். இரண்டு பரப்பையும் ரம்ப அலகின் பல்லால் நீளவாக்கில் கீறிச் சொரசொரப்பாக்குங்கள். தேக்கில் எண்ணெய் உண்டு. இழைத்த அன்றே ஒட்ட வேண்டும், ஒட்டுமுன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து ஆறவிட வேண்டும். இரண்டு பக்கமும் பசை பூசி, நுனிகள் முதுகுப் பக்கமாக 4 செ.மீ. சாயும்படி தாங்குகட்டையில் வைத்து, 3 செ.மீ. அகலமாகக் கிழித்த சைக்கிள் டியூபால் சுற்றுங்கள். டியூப் இதற்குத்தான். ஓரம் முழுக்க மெல்லிய பசைக் கோடு பிதுங்கி நிற்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கிப் பசை முழுவதையும் வெளியே தள்ளிவிட்டால் காய்ந்த ஒட்டு. அதுதான் பின்னால் பிளக்கும். இரண்டு நாள் தொடாதீர்கள்.

தேவகோட்டை | ஆகஸ்ட் 12

ஒன்றில் கோட்டையூர் அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. வெளித்தோலைத் தொடவே கூடாது என்றால் கணு? கணுவில் மேடு தூக்கி நிற்கிறதே. அதை அப்படியே விட்டால் வில் அந்த இடத்தில் வளையாமல் விறைத்து, பக்கத்து இடத்தில் ஒடிந்து வளைகிறது.

கோட்டையூர் | ஆகஸ்ட் 12

கணு விஷயத்தில் தேவகோட்டை சொல்வது சரி, தொட வேண்டும். ஆனால் மேட்டின் கூர்மையை மட்டும் அரத்தால் மழுக்கி, இருபக்கமும் சரிவாக இறக்குங்கள். சுற்றியுள்ள பரப்போடு மட்டமாக்கக் கூடாது. கணுவில் நார்கள் நேராக ஓடாமல் வளைந்து கடக்கின்றன, மட்டமாக்கினால் எல்லாம் அறுந்துவிடும். மூங்கில் முதுகு உடைந்த வில்லை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கணுவில்தான் உடைந்திருக்கும். விறைப்பு பற்றிய கவலைக்கு உள்பக்கத்தில் கணுத் தடுப்பை நன்றாக மட்டம் பண்ணினாலே போதும்.

இன்னொன்று, மூங்கில் வயிற்றை மிஞ்சுகிறது என்று சந்தேகம் இருந்தால் முதுகை வயிற்றைவிடக் குறுக்கலாம். வயிறு 36 மி.மீ. என்றால் முதுகு 28. பக்கச் சுவரைச் சாய்வாக இழைத்தால் வந்துவிடும். மூங்கிலுக்கு அந்த அகலம் தாராளம், நுனியில் எடையும் குறைகிறது.

புதுவயல் | ஆகஸ்ட் 13

தொண்டிப் பக்கம் ஃபைபர் படகுக்கு ஒட்டும் ரெசின் மலிவு. அதை வைத்து ஒட்டினால்?

கோட்டையூர் | ஆகஸ்ட் 13

வேண்டாம். அது பாலியெஸ்டர். ஃபைபரோடு ஃபைபராக இறுகும், மரத்தில் பிடிப்பு குறைவு. வளையாத பலகையில் நிற்கும், வில்லில் தாள் தாளாக உரியும்.

செக்காலை | ஆகஸ்ட் 20

தோல் இன்னும் கிடைக்கவில்லை. வீட்டில் ஆச்சி காலத்துப் பட்டுச்சேலை ஒன்று கிழிந்த நிலையில் இருக்கிறது. கண்டாங்கியும் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

கோட்டையூர் | ஆகஸ்ட் 20

ஆச்சி சேலையை வெட்டாதீர்கள், வில்லுக்கும் அது உதவாது. பழைய பட்டு மடிப்பில் மடிப்பாக இற்றுப்போயிருக்கும். இரண்டு கையாலும் ஓர் ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், சத்தமே இல்லாமல் கிழிந்தால் நார் செத்துவிட்டது. சரிகை இருக்கும் இடத்தில் பசை இறங்காது.

கண்டாங்கி பருத்தி. பருத்தித் துணியில் நூல் மேலும் கீழுமாக நெளிந்து போவதால் இழுத்தால் முதலில் அந்த நெளிவு நிமிரும், அதற்குள் சிராய் எழும்பிவிடும். அவசரத்துக்கு இரண்டு அடுக்கு போடலாம். கட்டத்தின் கோடு வில்லின் நீளத்துக்கு நேராக ஓடினால் நூலும் நேராக ஓடுகிறது என்று பார்த்த உடனே தெரியும், அது ஒரு சௌகரியம்.

புதிதாக வாங்குவதென்றால் சாயமேற்றாத, கஞ்சி போடாத மெல்லிய பட்டு அல்லது லினன். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டபின் நீளவாக்கு நூலை ஒட்டி வெட்டவும். குறுக்குச் சாய்வில் வெட்டிய துணி ரப்பராக நீளும், பயனில்லை. மரத்தில் பசை பூசி, துணியை நடுவிலிருந்து இரு நுனிக்கும் விரலால் நீவவும். நெசவுக்கு மேலே பசை கசிந்து வரவேண்டும். கசியாத இடம் உள்ளே காற்று. முதல் அடுக்கு காய்ந்தபின் இரண்டாவது. உங்கள் 12-க்கு 1 இடத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு மூன்றாவது அடுக்கு போடலாம், ஓரங்களைப் பிசிறவிட்டு ஒட்டினால் திடீரென்று விறைப்பு மாறாது.

கோட்டையூர் | ஆகஸ்ட் 21

துணியும் தோலும் எப்போது ஒட்டுவது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அது முக்கியம். வில்லை இழைத்து, நாண் பள்ளம் வெட்டி, தரையில் ஊன்றி அழுத்தினால் வில்லின் இரண்டு கையும் 10 செ.மீ. சீராக வளைகிற நிலைக்கு வந்ததும் ஒட்ட வேண்டும். அதற்கு முன் ஒட்டினால் முதுகைத் திருத்த முடியாது. முழு இழுப்பு வரை போனபின் ஒட்டினால், சிராய் எழும்ப இருந்தால் அதற்குள் எழும்பியிருக்கும். ஒட்டியபின் வயிற்றுப் பக்கம் மட்டும்தான் இழைப்பு.

கானாடுகாத்தான் | செப்டம்பர் 3

நரம்பு ஒட்டுவது பற்றி ஒருவரும் பேசவில்லையே? துருக்கிய வில்லெல்லாம் நரம்பு முதுகுதான். மான் தோல் பற்றியும் சொல்லுங்கள்.

தேவகோட்டை | செப்டம்பர் 3

மான் தோல், பாம்புத் தோல் பேச்சே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். ஆட்டுத்தோல் அதே வேலையைச் செய்யும்.

நரம்பு என்றால் மாட்டுப் பின்னங்கால் நரம்பு. மரம் ஒரு சதவீதம் நீண்டாலே உடையும் கட்டத்துக்கு வந்துவிடும், நரம்பு எட்டுப் பத்து சதவீதம் வரை தாங்கும். அதனால்தான் குட்டையான வில்லை நீளமாக இழுக்க அது தேவைப்பட்டது. காய்ந்த நரம்பைக் கல்லில் வைத்து மரச்சுத்தியால் தட்டி, நார் நாராகப் பிரித்து, சீப்பால் வாரி, வெதுவெதுப்பான வஜ்ஜிரத்தில் தோய்த்து, செங்கல் வரிசைபோல் முனைகள் ஒரே இடத்தில் சேராமல் அடுக்க வேண்டும். குட்டை வில்லுக்கு 100 முதல் 150 கிராம் நார். காய ஒரு மாதம் என்பது குறைந்தபட்சம்; காயக் காயச் சுருங்கி வில்லை எதிர்ப்பக்கம் இழுக்கும்.

கோட்டையூர் | செப்டம்பர் 4

170 செ.மீ. நேர் வில்லுக்கு நரம்பு வீண். அதன் நீட்சியில் எட்டில் ஒரு பங்குகூடப் பயன்படாது, எடை மட்டும் மிஞ்சும். 120 செ.மீ. வில்லில் 60 செ.மீ. இழுப்பு வேண்டும் என்பவர்களுக்கு அது. அப்போதும் நரம்பும் வஜ்ஜிரமும் ஈரத்தைக் குடிக்கும் என்பதால் ஐப்பசி கார்த்திகையில் இழுப்பு எடை கண்கூடாக இறங்கும். மாசி பிறந்து அடுக்க ஆரம்பித்தால் சித்திரை வைகாசி வெயிலில் ஒழுங்காகக் காயும்.

கானாடுகாத்தான் | செப்டம்பர் 6

தேங்காய் நார், சணல், பனைநார்?

கோட்டையூர் | செப்டம்பர் 6

தேங்காய் நார் 15 முதல் 40 சதவீதம் வரை நீளும், ஆனால் நீளும்போது எதிர்ப்பே காட்டாது. முதுகில் அது சுமை. சணல் நார் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல் போனதும் அறும், மரத்தோடு உரசிப் போகிற எல்லை. ஆளிநார் (லினன் நூல்) நல்லது. முறுக்கு இல்லாத நாராக வாரி, நரம்பு அடுக்குவதுபோலவே அடுக்கினால் தோலைவிட ஒரு படி மேல். பனைநார் கட்டுக்கு நல்லது, வில் முதுகுக்குச் சீராகப் பிரியாது.

பனை என்றதும்: கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஆயுதசாலைப் பகுதியில் வில் செய்யும் பொருளாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு என நான்கையும் எடுத்துச் சொல்கிறது. நாணுக்குச் சொல்லும் பட்டியலில் எருக்கும் சணப்பும் மூங்கிலும் நரம்பும் வருகின்றன. நம் காட்டோரம் இதில் பாதி வளர்கிறது. வைரம் பாய்ந்த பனையில் வெளிவளையக் கறுப்புப் பகுதி மட்டும்தான் வில்லுக்கு. உள்ளே போகப் போகச் சோறு. ஆண்டு வளையமே கிடையாது, கறுப்புக் கம்பிகளாக நார் ஓடும். ஓரத்தில் அந்தக் கம்பி ஊசியாகக் கிளம்பிக் கையில் ஏறும் என்பதால் பனை வில்லுக்குத் துணிப் பட்டை கட்டாயம், ஓரத்தையும் உருட்டிவிட வேண்டும்.

செக்காலை | நவம்பர் 11

தோலே கிடைத்து ஒட்டியாயிற்று, ஆடு 0.6 மி.மீ. இரண்டு மாதம் நன்றாக இருந்தது. மழை பிடித்தபின் மேல் நுனியில் இரண்டு விரற்கடை அளவுக்குத் தோல் ஓரம் எழும்பியிருக்கிறது. இழுப்பும் தளர்ந்த மாதிரி இருக்கிறது. ஃபெவிகால் வைத்து இன்றே அமுக்கிவிடவா?

கோட்டையூர் | நவம்பர் 11

இன்று வேண்டாம். ஈரத் தோலை ஒட்டினால் தை மாதம் காயும்போது மறுபடி சுருங்கி அதே ஓரத்தில் கிளம்பும்.

இழுப்பு தளர்ந்ததற்குத் தோல் காரணமில்லை. கோடையில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் இருக்கும்போது மரத்தில் ஈரம் 9 சதவீதம். இப்போது 80 சதவீதத்தில் பல நாள் நின்றால் மரம் 15-க்கு மேல் போகும். கிராம் தராசில் வில்லைப் போட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் 600 கிராம் இருந்த வில் 30 கிராம் கூடியிருந்தால் மரம் அவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது. அந்த நிலையில் எய்தால் வயிறு நசுங்கி வில் வளைந்தே நின்றுவிடும். எடை இறங்கும்வரை நாண் பூட்டாதீர்கள். சுவரில் சாய்க்காமல் இரண்டு ஆணியில் கிடைமட்டமாக வையுங்கள், சமையலறைப் பரண் இந்தப் பருவத்துக்கு நல்ல இடம். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம்.

தேவகோட்டை | நவம்பர் 12

நுனியில் நாண் பள்ளத்துக்குள் தோலின் வெட்டுமுனை திறந்து கிடக்கிறதா? ஈரம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறும். முதுகு முழுக்க மெழுகு பூசிவிட்டு அந்த இரண்டு மி.மீ. வெட்டுமுனையை விட்டுவிடுகிறார்கள்.

செக்காலை | நவம்பர் 12

ஆமாம், திறந்துதான் இருக்கிறது. தராசில் 34 கிராம் கூடுதல்.

கோட்டையூர் | நவம்பர் 12

அப்படியானால் தை பிறந்து எடை பழைய அளவுக்கு 5 கிராமுக்குள் இறங்கியதும்: எழும்பிய தோலுக்கு அடியில் பழைய பசையைப் பிளேடால் சுரண்டுங்கள், ஒட்டியிருக்கும் இடத்தைக் கிளப்பாமல். பசையைக் காகித ஓரத்தால் உள்ளே செலுத்தி, பருத்தி நூலால் நுனியிலிருந்து 4 செ.மீ. வரை நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, அந்தக் கட்டை அப்படியே விட்டுவிடுங்கள். மேலே அவலரக்கு (ஷெல்லாக்), ஸ்பிரிட்டில் கரைத்தது, மெலிதாக நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மணி நேரம். நாண் பள்ளத்தின் உட்பக்கம், வெட்டுமுனை, கைப்பிடி மடிப்பு மூன்றுக்கும் தனியாகச் சின்னத் தூரிகையால் இரண்டு பூச்சு கூட.